வெள்ளோட்டின் அமைதித் தீபாவளி

ஈரோட்டிலிருந்து சென்னிமலை செல்லும் வழியில், நகரை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது வடமுகம் வெள்ளோடு. அவ்வூரிலும் செல்லப்பம்பாளையம், பூங்கம்பாடி, செம்மாம்பாளையம், கருக்கன்காட்டு வலசு முதலிய சுற்றுச் சிற்றூர்களிலும் வெடிச்சத்தம் இல்லாமல் கொண்டாடப்படும் தீபாவளியை அமைதித் தீபாவளி என்கிறார்கள். எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், உறவினர் வருகை என்று மற்றதெல்லாம் வழக்கம்போல நடக்கும். பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு இருக்கும். அணுகுண்டும் சரவெடியும் இருக்காது. வெள்ளோடு பெரியகுளத்தில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதே காரணம். 1996இல் அந்தக் குளம் பறவைகள் சரணாலயமானதைத் தொடர்ந்து வேரூன்றிய இவ்வழக்கத்தில் இன்று 900க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்கேற்கின்றன. பறவைகள் மீதான பரிவின் அடையாளமாக மட்டும் இதைப் பார்ப்பது போதாது. ஒரு வட்டாரத்தின் அமைதியைப் பொதுச்சொத்தாகக் கருதி, அதைக் கூட்டாக நிர்வகிக்க முடியும் என்பதற்கு அண்மைக்காலத் தமிழகத்தில் கிடைக்கும் தெளிவான சான்று இது. சட்டம் எட்டாத இடத்தில் அந்த நிர்வாகம் நடக்கிறது என்பதுதான் இதன் சிறப்பு.

வெடி இல்லாத தீபாவளி மரபுக்கு மாறானது என்பது முதலில் எழும் மறுப்பு. தீபாவளி பழையதுதான், ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெடி வெடிப்பது அவ்வளவு பழையதா என்று பார்க்க வேண்டும். 1443இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாணவேடிக்கை கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். அது அரசவை நடத்திய காட்சி. குடிமக்கள் பார்த்துக் களித்தார்கள். தமிழகச் சிற்றூர்களில் பட்டாசு எளிய குடும்பத்தின் கைக்கும் எட்டியதற்குப் பெருங்காரணம் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் பட்டாசுத் தொழில். 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற ஆலைகளாக அது வளர்ந்தது. ஆக, சத்தம் மிகுந்த தீபாவளி நம் ஊர்களில் நிலைபெற்றது பெரும்பாலும் சென்ற நூற்றாண்டில்தான். வெள்ளோட்டார் விட்டுக்கொடுத்தது பண்டிகையின் வேரை அல்ல, அதன் மேல் அண்மையில் படிந்த ஒரு பழக்கத்தை. அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை; விட்டுக்கொடுத்ததன் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

ஏறத்தாழ 77 எக்டேர் பரப்புள்ள பெரியகுளத்துக்கு மழைநீரும் கீழ்பவானிப் பாசனப் பகுதியிலிருந்து வரும் நீரும் ஆதாரம். நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எனப் பல இனங்கள் தங்குகின்றன. ஊசிவால் வாத்து போன்றவை தொலைவிலிருந்து வலசை வருகின்றன. பறவைகள் திரண்டு வருவது அக்டோபர் முதல் சனவரி வரையான மாதங்களில். தீபாவளியோ ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில் வருகிறது. பறவை தங்குமிடம் தேர்ந்து, கூடு கட்டி, முட்டையிட முனையும் நாட்களும் ஊர் வெடி வெடிக்கும் நாளும் இப்படி நேருக்கு நேர் மோதுகின்றன. கூட்டமாக வாழும் நீர்ப்பறவைகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஒன்று மிரண்டு எழுந்தால் அருகிலுள்ளவையும் எழுந்துவிடும். அந்த நேரத்தில் மூடப்படாத முட்டையும் குஞ்சும் காக்கைக்கும் பருந்துக்கும் இலக்காகும். கூடு கட்டத் தொடங்கும் பருவத்திலேயே மிரட்சி நேர்ந்தால் இடத்தையே கைவிட்டுப் போவதும் உண்டு. ஓர் இரவுதானே என்ற வாதம் இதனாலேயே நிற்காது. அந்த ஓர் இரவு விழுவது ஆண்டின் எந்தப் பகுதியில் என்பதுதான் கணக்கு.

வெடிச்சத்தத்துக்குப் பறவைகள் அஞ்சும் என்பது ஊரார் கண்ணால் கண்டது. அதன் அளவை எண்ணிக்கையில் காட்டியவை நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகள். அங்கே புத்தாண்டு நள்ளிரவில் மக்கள் வாணவெடி வெடிப்பார்கள். வானிலை ரேடாரில் பதிவானதைப் பார்த்த ஆய்வாளர்கள், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் எழுந்து சுமார் 500 மீட்டர் உயரம் வரை பறந்ததையும், அந்தக் கலவரம் முக்கால் மணி நேரமாவது நீடித்ததையும் 2011இல் வெளியிட்டார்கள். 2023இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, வெடி வெடிக்கும் இடங்களுக்கு அருகே அந்த இரவில் பறக்கும் பறவைகள் வழக்கமான இரவைவிடச் சராசரியாக ஆயிரம் மடங்கு. விளைவு முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் மிகக் கடுமை, பத்துக் கிலோமீட்டர் வரையிலும் தெரிகிறது. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் சென்னிமலையிலும் வெடி வெடிக்கும்போது நடுவில் சில சிற்றூர்கள் சும்மா இருந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தத் தூரக் கணக்கே விடை. நகரத்துச் சத்தம் முழுவதையும் வெள்ளோட்டாரால் நிறுத்த முடியாது. ஆனால் பறவையை மிக மோசமாகத் தாக்கும் அண்மைச் சத்தம் முழுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. ஐரோப்பியக் குளிர்கால வாத்துகளை வைத்துச் செய்த அளவை நம் கூழைக்கடாவுக்கு அப்படியே பொருத்தலாமா என்பது நியாயமான தயக்கம். எண் மாறலாம். இரவில் எழுந்தோடும் இயல்பு மாறுவதற்குக் காரணம் தெரியவில்லை. கூட்டில் முட்டை இருக்கும் பறவைக்கு எழுந்தோடுவதால் வரும் இழப்பு கூடுதலாகத்தான் இருக்கும்.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் வருகிறது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் விலங்குகளுக்குத் தீங்கு தரும் வெடிபொருளைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. அந்தப் பிரிவு சரணாலய எல்லையோடு நின்றுவிடும். கரைக்கு அந்தப்பக்கம் உள்ள வீட்டு வாசலை அது தொடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அமைதி மண்டலம் என்று குறிப்பது மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றிய நூறு மீட்டரை. பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் மனிதக் காதை மனத்தில் வைத்தே அமைந்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கத் தடை விதித்தது. 2018இல் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கியபோது, தமிழ்நாடு அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 எனப் பிரித்துக்கொண்டது. அந்த மாலை ஒரு மணி நேரம் பறவைகள் அடையும் வேளையை ஒட்டியே வருகிறது. ஆக, சட்டப்படி வெடிக்க உரிமையுள்ள நேரத்தில், உரிமையுள்ள இடத்தில் நின்றுகொண்டுதான் வெள்ளோட்டார் வெடிக்காமல் இருக்கிறார்கள். காவலர் வருவார் என்ற அச்சத்தால் விளைந்த அமைதியாக இதைக் கருத இடமில்லை.

இதற்கு முன்னோடி தமிழகத்தில் உண்டு. வேடந்தாங்கலில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் சென்று முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936இல்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது, ஆகவே அவர்களுடைய அக்கறையில் தன்னலமும் இருந்தது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி 1977இல் சரணாலயமானது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசைத் தவிர்த்து வருகிறார்கள், வனத்துறை அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி சொல்வது வழக்கமாகியிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் தீபாவளி மட்டுமல்ல, திருமணமும் கோயில் விழாவும்கூட வெடியில்லாமல் நடக்கும். வேடந்தாங்கலில் ஊர் முன்னே சென்றது, சட்டம் பின்னே வந்தது. வெள்ளோட்டில் அறிவிப்பு முதலில் வந்தது. அது கேட்காத ஒன்றை ஊர் தானாகச் சேர்த்துக் கொடுத்தது. வரிசை மாறினாலும், அறிவிப்புப் பலகையால் மட்டும் குளம் காக்கப்படுவதில்லை என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

இந்த மனப்பாங்குக்குத் தொல்வேர் தேடுகிறவர்களுக்குக் கொங்கு மண்ணில் ஒரு விடை தயாராகக் கிடைக்கும். பெருங்கதை தந்த கொங்குவேளிரோடு தொடர்புபடுத்தப்படும் விசயமங்கலம் அருகில்தான் இருக்கிறது. அங்கே சந்திரபிரபருக்குச் சமணக் கோயிலும் உண்டு. கொல்லாமையைப் போற்றிய மண்ணில் இப்படி நடப்பது இயல்புதான் என்று எழுதிவிடலாம். இடையில் கிடக்கும் நூற்றாண்டுகளை இணைக்கச் சான்று இல்லாதபோது அது அழகான ஊகம் மட்டுமே. கண்ணெதிரே தெரியும் காரணம் ஊர்க் கூட்டு முடிவு. குளத்து நீரைப் போலத்தான் அமைதியும்: ஒருவர் கரையை உடைத்தாலும் எல்லாருக்கும் போய்விடும், ஆகவே எல்லாரும் உடன்பட்டால்தான் அது இருக்கும். ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு எழும் அச்சத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது; எளியவர்களை ஒடுக்க அதே கருவி பயன்பட்ட வரலாறு நம் ஊர்களுக்கு உண்டு. வேறுபாட்டை அறிய ஒரு அளவுகோல் இருக்கிறது: கட்டுப்பாட்டின் சுமை யார்மேல் விழுகிறது? இங்கே அது செல்வர் வீட்டுச் சரவெடியையும் ஏழை வீட்டு ஊசி வெடியையும் ஒன்றாக நிறுத்துகிறது. பயன் பெறுவதோ பேச முடியாத உயிர்கள். இந்தச் சமன்பாடு இருக்கும்வரை அதை ஒடுக்குமுறை என்று சொல்ல முடியாது.

சிவகாசியின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி மற்ற மறுப்புகளைவிடக் கனமானது. வானம் பார்த்த அந்தப் பூமியில் இலட்சக்கணக்கானோர் பட்டாசையும் அதைச் சார்ந்த அச்சு, அட்டைப்பெட்டித் தொழில்களையும் நம்பி வாழ்கிறார்கள். விபத்துகளில் உயிரைக் கொடுப்பவர்களும் அவர்களே. ஊர்தோறும் வெள்ளோட்டைப் பின்பற்ற வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நீர்ப்பறவை கூடும் குளங்களை ஒட்டிய சில சிற்றூர்கள் வெடியை மட்டும் விட்டு, அதே சிவகாசி செய்யும் மத்தாப்பை வாங்குவதால் அத்தொழில் சாயாது. இடத்தைப் பொறுத்த கட்டுப்பாடு என்பதே இம்முறையின் வலிமை. நாடு முழுமைக்குமான தடை என்றால் இந்த உடன்பாடும் வந்திருக்காது.

2022 ஆகஸ்டில் வெள்ளோடு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பில் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் இருந்தன. இப்படிப் பெயர் பரவும்போது பார்வையாளர் வரவும் கூடும். வருகிறவர்கள் அந்த உடன்பாட்டில் பங்கேற்காதவர்கள். கொங்கு நாட்டின் மற்றொரு குளமான திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் அப்பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி வளர்வது பனியன் தொழில் நகரம். பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்து, வாடகை வீடுகளில் இருந்து, ஆண்டுதோறும் இடம் மாறுகிறவர்கள் அங்கே ஏராளம். கூடிப் பேசி முடிவெடுக்க ஒற்றை ஊர் என்று ஒன்று அங்கே இல்லை. அங்கே தெருச் சங்கமும் பள்ளியும் பனியன் ஆலை நிர்வாகமும் வார்டு உறுப்பினரும் சேர்ந்துதான் அந்த ஊராக நடந்துகொள்ள வேண்டியிருக்கும். மத்தாப்பை மட்டும் வாங்கச் சொல்லி வீடுவீடாகப் போகும் வேலையைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் பயனில்லை. போனஸ் கிடைத்து, பட்டாசுச் சீட்டுப் பணமும் கைக்கு வருவதற்கு முன்பே, புரட்டாசியிலேயே அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.