கமாவா, மேற்கோளா?

போன ஞாயிறு விடுதியிலிருந்து மகள் போன். "அப்பா, வரவு போட்டாலும் பேலன்ஸ் குறையுதுப்பா!" இருபது வருஷமாய் பாங்கில் குப்பை கொட்டுபவனுக்கு வயிற்றைக் கலக்காதா? நல்லவேளை, ராக்கெட் மொழியில் அவள் எழுதிய பயிற்சிப் புரோகிராம்தான். நான் வெறும் பி.காம். ஆனாலும் விடவில்லை, தோண்டினேன். கதை 1958-க்குப் போகிறது மக்களே.

அந்த வருஷம் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். தகவலுக்கு வளைந்த அடைப்புக்குறி (எஸ்-எக்ஸ்பிரஷன்), புரோகிராமுக்குச் சதுர அடைப்புக்குறி (எம்-எக்ஸ்பிரஷன்) என்பது திட்டம். காகிதத்தில் விளக்கத்துக்காக அவர் எழுதிய 'ஈவல்' என்பதை, குழுவிலிருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் ஐ.பி.எம். 704-ல் ஓட்டியே காட்டிவிட்டார். அதற்குப் புரிந்தது எஸ் மட்டும். எல்லோரும் அதிலேயே எழுதிப் பழகிவிட்டார்கள். எம் வரவேயில்லை, கைவிட்டதாக யாரும் அறிவிக்கவுமில்லை. (டெம்பரரி ஆள் பர்மனென்ட் ஆன கதை!)

ஆக, தகவலும் புரோகிராமும் ஒரே முகம். அச்சுப்பொருத்தம் பார்க்கும்போது தலைவலி அங்கேதான். 'பற்று' என்று எழுதினால் அந்தச் சொல்லேவா, அல்லது எதையும் போட்டு நிரப்பும் காலி டப்பாவா?

ஸ்கீம் மொழியின் மேக்ரோ விதிகள் (1991-ல் பின்னிணைப்பு, 1998-ல் மொழியின் அங்கம்) எல்லாப் பெயரையும் டப்பா என்றே கொள்ளும். அப்படியே நிற்க வேண்டிய சொற்களை முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். 2012-ல் வந்த ஈமாக்ஸ் 24-ன் 'பிகேஸ்' கமாவைப் பிடித்துக்கொண்டது. ராக்கெட் இரண்டு வழியும் தருகிறது:

`(பற்று ,கணக்கு ,தொகை)
(லிஸ்ட் 'பற்று கணக்கு தொகை)

முதலாவதில் கமா போட்டது டப்பா. இரண்டாவதில் மேற்கோள் போடாதது டப்பா. அப்படியே தலைகீழ்! மகள் பாதி அப்படி, பாதி இப்படி எழுதியிருந்தாள். கமா பாணியில் பழகிய கை, லிஸ்ட் பாணியில் 'பற்று'க்கு மேற்கோளை விட்டுவிட்டது. 'பற்று' காலி டப்பாவாகி, வரவையும் விழுங்கிவிட்டது. கீழே இருந்த வரவு வரிக்கு வேலையே வரவில்லை. எரர் ஒன்றும் கிடையாது. கமாவை மறந்திருந்தால் பெரும்பாலும் கத்திக்கொண்டு நின்றிருக்கும். சத்தமில்லாத தப்புதானே ஆடிட்டில் நம் கழுத்தை அறுக்கும்?

ஸ்ட்ரக்ட் நிறைய இருந்தால் லிஸ்ட் பாணிதான் வசதி, ஒத்துக்கொள்கிறேன். அவளிடம் இருப்பது வெறும் பட்டியல்கள். "எல்லாத்தையும் கமாவுக்கு மாத்திடும்மா" என்றேன். ராத்திரி பதினொன்றுக்கு மறுபடி போன். பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதாம்.