எழுத்துரு தேடிய நாட்கள்

அருப்புக்கோட்டையில் பிரௌசிங் சென்டர் வந்த புதிதில், எழுத்துரு இல்லாமல் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பூச்சி ஊர்ந்தது போலப் புரியாத குறிகள்தான் தெரியும். அந்த எழுத்துருவுக்குத்தான் எத்தனை அலைச்சல்! சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை'யையும், மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செயலியையும் தந்தார்கள்.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். நம் கரிசல்காட்டில் எந்த நூலகத்தில் இத்தனை கிடைக்கும்?

அதைப் பார்த்து, திருச்சுழி திருமேனிநாதர் கோயில் பற்றி நானும் ஒரு பக்கம் செய்தேன். பிறகு யூனிகோடு வந்தது. மதுரைத் திட்டத்தார் தங்கள் நூல்களைப் பொறுமையாக அதற்கு மாற்றினார்கள். நான் சோம்பேறி, மாற்றவில்லை. அந்தப் பிளாப்பி இன்னும் பீரோவில் கிடக்கிறது, படிக்கத்தான் வழியில்லை.