தீர்ப்புக்குப் பிறகும் சுழலும் காற்றாலைகள்

எண்பதுகளின் பிற்பகுதியில் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த நம்மவர்களுக்கு அல்தா வெறும் ஊர்ப்பெயர். அங்குள்ள பூர்வகுடிகளான சாமி மக்களுக்கு அது ஒரு போராட்டத்தின் பெயர். (சாமி என்றதும் கோயில் நினைவுக்கு வருவது நம் காதின் கோளாறு.)

அல்தா ஆற்றை மறித்து நீர்மின் நிலையம் கட்ட அரசு போட்ட முதல் திட்டத்தில் மாசி என்ற சாமிக் கிராமமே நீரில் மூழ்கவிருந்தது. எதிர்ப்பால் 1973இல் கிராமம் தப்பியது. திட்டம் சுருங்கியதே தவிர நிற்கவில்லை. 1979 ஒக்டோபரில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், கட்டுமானப் பாதையில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்களை அகற்ற 600 பொலிஸார் போனார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 1987இல் மின்சாரம் வந்தது. தோற்ற போராட்டம்தான். ஆனால் அந்தச் சூட்டில்தான் 1989இல் சாமி நாடாளுமன்றம் பிறந்தது.

ஃபூசனில் கதை தலைகீழ். நடு நோர்வேயின் அந்தத் தீபகற்பத்தில், ஸ்தூர்ஹெய்யா, ரூவான் ஆகிய இரு இடங்களில் 151 காற்றாலைகள் நிற்கின்றன. குளிர்காலத்தில் பனிமானுக்கு உணவு பனிக்கடியில் கிடக்கும் ஒருவகைக் கற்பாசி. காற்று பனியைச் சீவிக்கொண்டுபோகும் மேடுகளில்தான் அது குளம்பால் கிளறி அதை எட்டமுடியும். மின் நிறுவனத்துக்கு வேண்டியதும் அதே காற்று, அதே மேடு. வழக்கு முடியுமுன்பே காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. 2021 ஒக்டோபர் 11இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: உரிமம் செல்லாது, சாமிகளின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டிருக்கிறது.

அதன்பின்னும் ஒன்றும் நடக்கவில்லை. 500ஆவது நாளில், 2023 பெப்ரவரியில், இளைஞர்கள் எரிசக்தி அமைச்சுக்குள் போய்க் குந்தினார்கள். கிரேட்டா துன்பெர்க்கும் வந்து சேர்ந்துகொண்டார். காலநிலைக்காகப் போராடுபவர் காற்றாலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது பலருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம். நான் வேலை செய்யும் கணினித் தொழிலும் 'பசுமை மின்சாரம்' என்று விளம்பரம் செய்துதான் பிழைக்கிறது. காற்றாலை வேண்டாம் என்பவனல்ல நான். ஆனால் யாருடைய மேட்டில் என்று கேட்காமல் நட்டுவிட்டு, பிறகு பருவநிலையைக் காரணம் காட்டுவது 1981இன் அதே பேச்சுத்தான்.

2023 மார்ச்சில் அரசு மன்னிப்புக் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தெற்கு மேய்ப்பர்களோடும், 2024 மார்ச்சில் வடக்கு மேய்ப்பர்களோடும் இணக்கம் ஏற்பட்டது: ஆண்டுதோறும் இழப்பீடு, குளிர்கால மேய்ச்சலுக்கு வேறு நிலம். 151 காற்றாலைகளில் ஒன்றுகூட இறக்கப்படவில்லை.