வாக்குச்சீட்டின் வழிச்செலவு யாருடையது?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

சாம்பல்தீவில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இளம் ஆசிரியை ஒருவர் கேட்டார்: "சேர், அமெரிக்காவில தபாலில வாக்குப் போட்டா முத்திரைக் காசையும் நாமதான் கட்டணுமாம், உண்மையா?"

பாதி உண்மை. அங்கே அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாஷிங்டன் மாநிலம் 2018இலும் கலிபோர்னியா 2019இலும் திருப்பி அனுப்பும் உறைக்கான செலவை அரசே ஏற்கத் தொடங்கின. முத்திரையை வாக்காளரே வாங்கி ஒட்ட வேண்டிய மாநிலங்கள் இன்னும் இருக்கின்றன. வரி கட்டினால்தான் வாக்கு என்ற வழக்கத்தை, கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் தடுக்கப் பயன்பட்ட அந்த வழக்கத்தை, மத்திய அரசின் தேர்தல்களில் 1964ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் ஒழித்தது. அப்படியானால் முத்திரைக் காசும் ஒரு வாக்கு வரிதானே என்று ஜோர்ஜியா மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். அது வரியல்ல என்று 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் கையில் காசில்லாதவனுக்கு வரிக்கும் கட்டணத்துக்கும் வித்தியாசம் விளங்குமா என்பது வேறு கேள்வி.

இலங்கையில் நமக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் முத்திரையை நாம் கண்ணாலும் காண்பதில்லை. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும் ஜனாதிபதித் தேர்தல் சட்டமும் அரச ஊழியர், படையினர், பொலிஸார் போன்றோருக்குத் தபால்மூல வாக்களிப்பைத் தந்திருக்கின்றன. விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டால் வாக்குச்சீட்டு நம்முடைய அலுவலகத்துக்கே பாதுகாப்புப் பொதியில் வந்து சேரும். அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில், ஆனால் அவர் கண்ணில் படாமல், புள்ளடியிட்டு உறையை ஒட்டிக் கொடுக்கிறோம். அதன்பிறகு அந்த உறை தெரிவத்தாட்சி அலுவலரிடம் போய்ச்சேர்வது அரசின் பொறுப்பு, அரசின் செலவு. கண்டியில் வாக்குள்ளவர் திருகோணமலையில் படிப்பித்துக்கொண்டே கண்டிக்கு வாக்களிக்கிறார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் இப்படி வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் 7 இலட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல்.

செலவை அரசே ஏற்பது நல்ல விடயம்தான். ஆனால் பணப்பையைப் பிடித்திருக்கும் கை மூடிக்கொண்டால் என்ன நடக்கும்? அதை 2023இல் பார்த்தோம்.

அந்த வருடம் மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல். வேட்புமனுக்கள் ஜனவரியிலேயே கொடுத்தாயிற்று. தபால்மூல வாக்களிப்புக்குப் பெப்ரவரி 22, 23, 24 என்று நாள் குறித்தாயிற்று. வாக்குச்சீட்டுதான் வரவில்லை. பணம் தந்தால்தான் அச்சடிக்கலாம் என்றார் அரச அச்சகர். பொருளாதார நெருக்கடி, அத்தியாவசியச் செலவுக்கு மட்டுமே பணம் என்றது திறைசேரி. தேர்தலுக்கு மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 1000 கோடி ரூபாய், வரவு செலவுத் திட்டத்திலும் ஒதுக்கியிருந்தார்கள். இருந்தும் தபால் வாக்களிப்பு நின்றது. ஒத்திப்போடுவதற்கு அப்படியொரு தேர்தலே இல்லை என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் சொன்னது, தபால் வாக்களிப்பு நடந்திருக்க வேண்டிய அதே பெப்ரவரி 23ஆம் திகதி.

தேர்தலுக்கு ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக்கூடாது என்று மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் தேர்தல் நடக்கவில்லை. ஏப்ரல் 25 என்றார்கள், அதுவும் போனது. இதில் நசுங்கியவர்கள் பற்றி அதிகம் பேசப்படவில்லை: வேட்பாளராக நின்ற அரச ஊழியர்கள். சம்பளமற்ற லீவில் நின்றுகொண்டு, நடக்காத தேர்தலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி மட்டுமல்ல, தேர்தல்கள் ஆணைக்குழு உறுப்பினர்களும் மக்களின் அடிப்படை உரிமையை மீறியிருக்கிறார்கள் என்றது. பழைய வேட்புமனுக்கள் 2025இல் ஒரு விசேட சட்டத்தால் இரத்தாகி, புதிதாக மனுக் கொடுத்து, தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இரண்டு வருடங்களுக்கும் மேல், நம் பட்டினமும் சூழலும் பிரதேச சபை உட்பட, சபைகளில் மக்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் செயலாளரிடம்தான் போனோம்.

சரி, இது அரச ஊழியரின் கதை. அரச ஊழியர் அல்லாதவர் தூரத்தில் இருந்தால்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களை நினைத்துப் பாருங்கள். பலர் இன்றும் புத்தளத்தில் வாழ்கிறார்கள், வாக்கு மன்னாரில் இருக்கிறது. அவர்களுக்குத் தபால் வாக்கு இல்லை, பஸ்தான். 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போனவர்களின் பஸ் வரிசையைத் தந்திரிமலையில் டயர் எரித்து மறித்துச் சுட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், உயிர்ச்சேதம் இல்லை. போய் வாக்களித்தார்கள்.

அந்தத் தேர்தலில் இடம்பெயர்ந்தோரை ஏற்றிச் செல்ல இ.போ.ச. பஸ்களுக்கு அரச நிதியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில்தான் முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் 2020 ஒக்டோபரில் கைதானார். அந்த வழக்கின் சரி பிழைக்குள் நான் போகவில்லை. ஓர் அமைச்சர் தன் அமைச்சின் பணத்தில் வாக்காளரை ஏற்றுவதை நான் நியாயப்படுத்தவும் மாட்டேன். அது ஆணைக்குழு செய்திருக்க வேண்டிய வேலை. என் உறையை அரசு தன் செலவில் கொண்டுபோகிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. வீட்டைப் பறிகொடுத்த ஒரு தாய் தன் வாக்குவரை போய்வர, அதே அரசிடம் ஒழுங்கான ஓர் ஏற்பாடு இல்லை.

வளைகுடாவில் இருக்கும் நம் கிண்ணியா, மூதூர் பிள்ளைகளுக்கு அந்தப் பஸ்கூட இல்லை. அங்கிருந்து வாக்களிக்க வழி கிடையாது. அவர்கள் அனுப்பும் டொலரில்தான் இந்த நாடு நெருக்கடியிலிருந்து மூச்சு விட்டது. வாக்குப் போட வேண்டுமென்றால் லீவு எடுத்து, விமான டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு வரவேண்டும்.