சாணத்தில் பிறந்த சுடர்

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு இரயிலில் சென்றவர்கள் பாகாலாச் சந்திப்பை அறிவார்கள். தர்மாவரம் செல்லும் இருப்புப்பாதை அங்கேதான் பிரிகின்றது. 1911-ல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த பகுதி அது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றது. நாம் வரட்டி என்பதை அங்கே பிடக என்பர், வடநாட்டில் உப்லா. பெயர் எதுவாயினும் இழப்பு ஒன்றே: அடுப்பில் எரிந்த சாணம் வயலுக்குத் திரும்புவதில்லை.

இவ்விழப்பைத் தவிர்க்க வந்ததே சாண எரிவாயு. சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் இட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அதில் ஐந்தில் மூன்று பங்களவு மீத்தேன். தழைச்சத்தோ வெளிவரும் குழம்பிலேயே தங்கிவிடுகின்றது. நெருப்பும் கிடைக்கின்றது, எருவும் கிடைக்கின்றது.

பம்பாயில் வாழும் நம்மவர்க்கு மாதுங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், அங்கிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ல் கழிவிலிருந்து எடுத்த வாயுவால் விளக்கெரித்தனர் என்பதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சாணத்தைக் கொண்டு முறையாக ஆராய்ந்தவர் டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்து எஸ். வி. தேசாய், காலம் 1930-களின் இறுதி. 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் என்பார், வாயு பெருகப் பெருக மேலெழும் இரும்புக் கவிகலம் கொண்ட அமைப்பை வகுத்து, அதற்குக் 'கிராம லக்ஷ்மி' எனப் பெயரிட்டார். கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் 1960-களில் அதனை நாடெங்கும் பரப்பியது. இரும்பு துருப்பிடிக்கும், விலையும் மிகும். எனவே 1984-ல் செங்கற் குவிமாடத்தாலான 'தீனபந்து' வந்தது. 1981-ல் தொடங்கிய தேசியத் திட்டம் மானியமும் அளித்தது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு தீரவில்லை. குடும்பத்துக்கேற்ற சிறு கலத்திற்கே நாலைந்து மாடுகளின் சாணம் வேண்டும். ஒற்றை மாடு வைத்திருப்பவர் என் செய்வார்? மாடே இல்லாதவர்? மானியம் யாரிடம் போய்ச் சேரும் என்பதை இக்கணக்கே முடிவு செய்துவிட்டது என்பது நம் கருத்து.

இதற்கு விடை தேடிய ஊர் பாகாலாவுக்கு மேற்கே, கருநாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் உள்ள பூரா. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அமூல்ய ரெட்டியும் அவர்தம் குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் ஊருக்குப் பொதுவான கலத்தை அங்கே கட்டினர். எல்லா வீட்டு அடுப்புகளையும் எரிப்பதே முதல் நோக்கம். ஊர் மாடுகள் அனைத்தின் சாணமும் அதற்குப் போதவில்லை, திட்டம் தோற்றது. கற்றவர்கள் தம் கணக்குப் பிழையை ஒப்புக்கொள்வது அரிது, இவர்கள் ஒப்புக்கொண்டனர். உமக்கு வேண்டுவது யாது என்று ஊராரைக் கேட்டனர். தண்ணீர் என்றனர் ஊரார்.

1987 முதல் அவ்வாயு என்ஜினை ஓட்டி மின்சாரம் தந்தது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் தொட்டிக்கு ஏறிக் குழாய்களில் வந்தது, வீடுகளில் விளக்கெரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்க்குக் கிலோவுக்கு இரண்டு காசு கூலி. அவரவர் பங்கு எருக்குழம்பும் திருப்பி அளிக்கப்பட்டது. சில ஆண்டுகள் செவ்வனே நடந்த அம்முயற்சி பின்னாளில் நின்றுபோயிற்று. அது நடந்த நாள்வரையில், பூராவின் பெண்டிர் குடத்துடன் தொலைவு நடக்கவில்லை.