சின்ன சிப், பெரிய சூது – 6: ஒரு டாலருக்கும் கீழே

2009 பிப்ரவரி. ஷாங்காய், ஜாங்ஜியாங் தொழில்நுட்பப் பூங்கா. கைபேசி சிப் செய்யும் ஸ்ப்ரெட்ரம் நிறுவனத்தின் தலைமை நாற்காலியிலிருந்து வூ பிங் எழுந்துகொண்டார். 2001இல் சிலிக்கான் பள்ளத்தாக்கை விட்டுக் கிளம்பி வந்து, சென் தாதொங் முதலான நண்பர்களோடு கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் லியோ லீ. அமெரிக்காவின் பிராட்காமில் கைபேசி சிப் வியாபாரத்தைப் பார்த்தவர்.

உட்கார்ந்த இடம் சுகமானதல்ல. 2007 ஜூனில் நாஸ்டாக்கில் 14 டாலருக்கு விற்கப்பட்ட பங்கு, இப்போது ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. சாதாரண காலமாக இருந்தால், அந்த விலையில் தொடர்ந்து கிடக்கும் பங்கைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள். லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து ஊரே மூழ்கிக்கொண்டிருந்ததால் நாஸ்டாக் அந்த விதியைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்திருந்தது. உலக நெருக்கடி ஒரு கம்பெனிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது என்றால் அது இங்கேதான்.

எதிரே நின்றது யார்? சென்ற வாரம் பார்த்த தைவான்காரர்கள், மீடியாடெக். அவர்களுடைய தந்திரத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். வெறும் சிப்பை அவர்கள் விற்கவில்லை. சிப், அதன் மென்பொருள், சர்க்யூட் போர்டின் வரைபடம், எந்தக் கேமரா, எந்தத் திரை பொருந்தும் என்ற பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்குகிறவர் மேலுறையை வடிவமைத்து, அச்சில் வார்த்து, பெயர் ஒட்டினால் போதும். ஷென்செனில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கைபேசிக் கம்பெனி நடத்த முடிந்தது அப்படித்தான். இரண்டு சிம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர், உள்ளங்கை அகல எழுத்து. நம்மூர்க் கடைகளில் 'சைனா செட்' என்று தொங்கியதெல்லாம் இந்த வம்சம். ஐஎம்இஐ எண் இல்லாத கைபேசிகளின் இணைப்பை 2009 நவம்பர் முடிவோடு இந்திய அரசு துண்டித்ததே, அந்த உத்தரவுக்குக் காரணமும் இவைதான்.

இந்தச் சந்தையில் ஸ்ப்ரெட்ரம் இரண்டாவது ஆள். அதுவும் வெகு தூரத்தில் ஓடிவரும் இரண்டாவது ஆள். விலையை மட்டும் குறைத்தால் எடுபடாது. மூட்டையும் அதே அளவு ஒழுங்காக இருக்க வேண்டும்.

அப்படியானால் வூ பிங் அத்தனை வருடம் எதன்மீது பணத்தைக் கட்டினார்? டிடி-எஸ்சிடிஎம்ஏ. வாயில் நுழையாத இந்தப் பெயர் சீனாவின் சொந்த மூன்றாம் தலைமுறை அலைபேசித் தரத்துக்கு. அயல்நாட்டுக் காப்புரிமைக்குக் கப்பம் கட்டுவதைக் குறைக்க வேண்டும் என்பதற்காக, அரசு நிறுவனமான டாத்தாங் முன்னின்று சீமென்ஸோடு சேர்ந்து உருவாக்கியது. உலகத்தில் வேறு எந்த நாடும் அதைச் சீந்தவில்லை. குவால்காம் அப்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்ப்ரெட்ரம் 2004இலேயே அதற்கு ஒரு சிப் செய்து முடித்துவிட்டது. ஆனால் வலைப்பின்னல்? அரசு உரிமம் தந்தால்தான் கோபுரங்கள் பரவலாக எழும். 2005 போனது, 2006 போனது, 2007ம் போனது. உரிமம் வரவில்லை.

இதே சூதில் இறங்கிய இன்னொரு ஷாங்காய் கம்பெனி காமிட். டாத்தாங், நோக்கியா, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற பெரிய கைகள் பணம் போட்டிருந்த இடம். காத்திருந்து காத்திருந்து கையிருப்புக் கரைந்து, 2008இல் கதவைச் சாத்தியது.

உரிமம் 2009 ஜனவரி 7இல் வந்தது! காமிட் இன்னும் ஒரு வருடம் மூச்சைப் பிடித்திருந்தால் இந்தத் தொடரின் கதாநாயகன் வேறொருவராக இருந்திருக்கலாம். நல்ல பொறியாளர்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள். இன்னொரு வருடச் சம்பளம் எல்லா இடத்திலும் இல்லை.

உரிமத்தைப் பெற்றது சைனா மொபைல். அப்போதே 45 கோடிக்கும் மேல் வாடிக்கையாளர்கள். யாரும் சீந்தாத தரத்துக்கு, உலகத்தின் மிகப் பெரிய வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

வேறொருவராக இருந்தால் எல்லாக் காசையும் அந்தப் பக்கம் திருப்பியிருப்பார். லியோ லீ முதலில் சோற்றுக்கு வழி பார்த்தார். கவர்ச்சியே இல்லாத பழைய இரண்டாம் தலைமுறை சிப்பைச் சீர்படுத்தி, ஷென்சென் பட்டறைகளுக்குள் மறுபடி நுழைந்தார். 2009இல் சுமார் 10.5 கோடி டாலராக இருந்த வருமானம் 2010இல் சுமார் 34.6 கோடியானது. மூன்று மடங்கு! 3ஜி விளம்பரங்கள் ஒருபுறம் ஓட, கம்பெனியைக் காப்பாற்றியது மலிவான இரண்டாம் தலைமுறைக் கைபேசிதான்.

அந்தக் காசு வந்த பிறகுதான் பெரிய பந்தயம். சீனத் தரத்துக்கான புதிய சிப்பை 40 நானோமீட்டரில் செய்வது என்று முடிவெடுத்தார். சிப்பின் உள் அமைப்பு சுருங்கினால், ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து கூடுதல் சிப்புகள் வெட்டலாம், மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அச்சு எடுக்கவே பெரும்பணம். அதில் ஒரு பிழை இருந்தால் அத்தனையும் பாழ். போதாததற்கு, தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 40 நானோமீட்டர் தட்டுகள் 2009இல் தேறாமல் போய், என்விடியாவே தவித்துக்கொண்டிருந்தது. ஆமாம், 'சீன சிப்' என்று நாம் சொல்வது ஷாங்காயில் வரைந்து, பெரும்பாலும் தைவானில் வார்த்தது. பீஜிங்கின் வயிற்றெரிச்சலுக்கு அது ஒரு பெரிய காரணம். பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

2011 ஜனவரியில் அந்த சிப் வெளிவந்தது. வேலையும் செய்தது. ஒரு டாலருக்குக் கீழே கிடந்த பங்கு பத்து டாலரைத் தாண்டி நின்றது.

இதற்கிடையே ஒருவர் கணக்குப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கார்சன் பிளாக். அவருடைய நிறுவனம் மட்டி வாட்டர்ஸ். அமெரிக்க, கனடியப் பங்குச் சந்தைகளில் இருக்கும் சீனக் கம்பெனிகளின் புளுகைத் தோண்டி எடுத்து, அவற்றின் பங்கு விழும் என்று பந்தயம் கட்டுவது தொழில். 2011 ஜூன் 2இல் அவர் வெளியிட்ட ஓர் அறிக்கை, டொராண்டோ சந்தையில் கொழித்துக்கொண்டிருந்த சைனோ-ஃபாரஸ்ட் என்ற சீனக் கம்பெனியைச் சில வாரங்களில் தரைமட்டமாக்கியது. அடுத்த தலை யாருடையது என்று சந்தையே பயந்துகிடந்தது.

ஜூன் 28. லியோ லீ பெயருக்கு ஒரு பகிரங்கக் கடிதம். மூன்று மடங்கு வருமானம் எப்படி வந்தது? கணக்கு மேலாளர்கள் ஏன் விலகினார்கள்? வெளியிட்ட கணக்கில் பெரும்பிழை இருக்க வாய்ப்பு அதிகம் என்றே எழுதியிருந்தார் பிளாக்.

ஷாங்காயில் இரவு ஒன்பதரை மணி என்றால் நியூயார்க்கில் சந்தை மணி அடிக்கும் நேரம். அன்றைய வர்த்தகத்தில் பங்கு சரியத் தொடங்கியது. பத்து சதவீதம். இருபது. ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மதிப்புக் காணாமல் போயிருந்தது. சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. கடிதத்துக்கு லியோ லீ என்ன பதில் வைத்திருந்தார்?

(அடுத்த வாரம்)