கழுவெளிப் பறவைக் குடும்பங்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளி ஈரநிலம், அதனை அடுத்த மரக்காணம் உப்பளங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த கீழ்புத்துப்பட்டு ஊரின் அய்யனார் கோயிற்காடு ஆகிய இடங்களில் காணப்படும் பறவைகள் சிலவற்றை, அவற்றின் உயிரியல் குடும்பங்களின் அடிப்படையில் இக்கட்டுரை விவரிக்கிறது. கழுவெளி, கழுவேலி எனவும் எழுதப்படுகிறது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இவ்வுவர்நீர்ப் பரப்பு 2021 டிசம்பரில் தமிழக அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பெயரும் உறவும்

பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் உருவம், குரல், வாழிடம் ஆகியவற்றைக் கொண்டு அமைந்தவை. உயிரியல் குடும்பமோ பொது மூதாதையரைக் கொண்டு வகுக்கப்படுகிறது. இவ்விரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நீர்க்காகம் காகக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. மாங்குயில் குயிலன்று, ஆனால் பெயரில் குயில் இல்லாத செம்போத்து குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. பறவை நோக்கலைப் புதிதாகத் தொடங்குவோர் பெயரை மட்டும் நம்பி உறவைக் கணிக்காதிருப்பது நல்லது.

பூநாரைகள்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பூநாரை. நீண்ட காலும் நீண்ட கழுத்தும் கொண்டிருப்பதால் இது நாரை எனப்பட்டது. அறிவியலாளர்களும் நெடுங்காலம் இதனை நாரைகளோடும், சிலர் வாத்துகளோடும் சேர்த்து வைத்தனர். 2000களின் தொடக்கம் முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் எவரும் எதிர்பாராத முடிவைத் தந்தன. பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு, குளங்களில் மூழ்கி மீன் பிடிக்கும் குட்டைக்கால் முக்குளிப்பான் ஆகும். இவ்விரண்டின் முட்டைகளிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற மேற்படலம் உள்ளது. கழுவெளியில் பூநாரைக்கு அருகில் நிற்கும் நாரையைவிட, சற்றுத் தள்ளி நீரில் மூழ்கி எழும் அச்சிறு பறவையே அதற்கு உறவு நெருங்கியது.

பூநாரை தலையைக் கவிழ்த்து உண்ணும். ஆகவே பிற பறவைகளுக்கு மாறாக, அதன் கீழ் அலகு பெரிதாகவும் மேல் அலகு மூடி போலவும் அமைந்துள்ளன. தடித்த நாக்கு விசைக்குழாய் போல நீரை உள்ளிழுத்து வெளித்தள்ள, அலகின் ஓரங்களிலுள்ள நுண்ணிய தகடுகள் சிறு இறால்களையும் பாசிகளையும் வடிகட்டுகின்றன. இவ்வுணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளே சிறகுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகின்றன. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. தாயும் தந்தையும் தம் உணவுப்பாதையில் சுரக்கும் பால் போன்ற நீரைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. பெரும் பூநாரையின் இந்திய இனப்பெருக்கத் தளங்களில் முதன்மையானது குஜராத்தின் கட்ச் உவர்நிலம். சோழமண்டலக் கடற்கரைக்கு இவை இரை தேடியே வருகின்றன.

நாரைகளும் கொக்குகளும்

நாரைகள் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்குகள் கழுத்தை மடக்கிப் பறக்கும். தொலைவிலிருந்து இவ்விரு குடும்பங்களையும் பிரித்தறிய இதுவே எளிய வழி. வளர்ந்த நாரைகள் ஏறத்தாழ ஊமைகள். குரலுக்குப் பதிலாக அலகுகளைத் தட்டி ஒலியெழுப்புகின்றன. வெயில் மிகும்போது தம் கால்களின் மீதே எச்சமிட்டு, அந்த ஈரம் ஆவியாவதால் உடலைக் குளிர்வித்துக் கொள்கின்றன.

நத்தைகுத்தி நாரையின் அலகுகளுக்கிடையே ஓர் இடைவெளி உண்டு. குஞ்சுகளுக்கு இது கிடையாது. வளர வளர உண்டாகிறது. பாக்குவெட்டி போல நத்தை ஓட்டை உடைக்கவே இவ்விடைவெளி என ஒருகாலத்தில் கருதப்பட்டது. உண்மையில் அது ஓட்டை உடைப்பதில்லை. கீழ் அலகின் கூரிய நுனியை உள்ளே செலுத்தி, நத்தையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துச் சதையை உருவி எடுக்கிறது.

உள்ளான்கள்

உள்ளான் என்னும் ஒரே பெயர் வெவ்வேறு குடும்பப் பறவைகளைக் குறிக்கிறது. வளைமூக்கு உள்ளான் போன்றவை வட சைபீரியாவில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் இங்கு வருபவை. சேற்றில் அலகைச் செருகும் இவற்றின் அலகு நுனி தொடு உணர்ச்சி மிக்கது. அடி அலகு மூடியிருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்ற இவற்றால் இயலும்.

நெடுங்கால் உள்ளான் வேறு குடும்பம். இது இந்தியாவிலேயே, ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, ஈரநிலங்களிலும் உப்பள வரப்புகளிலும் முட்டையிடுகிறது. கூடு என்பது மண்ணில் ஒரு சிறு பள்ளம் மட்டுமே. சுடும் தரையில் முட்டை வெந்துவிடாதிருக்க, பெற்றோர் மாறி மாறி வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து அமர்கின்றன. எவரேனும் நெருங்கினால் காயம்பட்டது போல இறக்கையை இழுத்துக்கொண்டு தத்திச் சென்று, அவரைக் கூட்டிலிருந்து அப்பால் அழைத்துச் செல்ல முயல்கின்றன. உப்பு வாரும் வேலை மும்முரமாக நடப்பதும் இதே கோடையில்தான். வரப்பில் நடக்கும் தொழிலாளியின் பார்வைக்கு மண்நிற முட்டைகள் எளிதில் புலப்படா.

கோயிற்காட்டுப் பறவைகள்

கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, கடலோரத்தில் அரிதாகிவிட்ட உலர் பசுமைமாறாக் காட்டு வகையைச் சேர்ந்தது. குயில்கள், கொண்டைக்குருவிகள் போன்ற பழந்தின்னிகள் வாழ்வதற்கு ஏற்றது. இவற்றின் எச்சத்தின் வழியே விதைகள் பரவுகின்றன.

குயிலினத்தில் கூவுவது கரிய ஆண் பறவை. புள்ளிகள் கொண்ட பழுப்பு நிறப் பெண்ணன்று. பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. குயில் குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளுக்கு முன்பே பொரித்து வெளிவருவதால் இரையில் முந்திக்கொள்கிறது. அதே குடும்பத்துச் செம்போத்தோ தானே கூடு கட்டித் தன் குஞ்சுகளை வளர்க்கிறது. ஒரு குடும்பத்தின் பழக்கம் அதன் எல்லா உறுப்பினர்க்கும் பொதுவன்று.

நீர் ஆழமும் பாதுகாப்பும்

எந்தக் குடும்பம் எங்கு இரை தேடும் என்பதைப் பெரிதும் நீரின் ஆழமே முடிவு செய்கிறது. சில விரற்கடை நீரில் சிறு உள்ளான்களும், முழங்காலளவு நீரில் பூநாரைகளும் நாரைகளும், அதனினும் ஆழத்தில் முக்குளிப்பான்களும் நீர்க்காகங்களும் இரை தேடுகின்றன. பருவமழைக்குப் பின் கழுவெளி மெல்ல வற்றும்போது இவ்வாழங்கள் அனைத்தும் ஒரே வேளையில் அமைகின்றன. கரையோரத்தை ஆக்கிரமித்து வரப்பிட்டாலோ இறால் குட்டையாக வெட்டினாலோ, முதலில் மறைவது ஆழமற்ற விளிம்பாகும். பரப்பு ஓரளவே குறைந்தாலும் சிறு உள்ளான்களின் இரைநிலம் முழுமையாகப் போய்விடக்கூடும். சரணாலய அறிவிப்புக்கு முன்பிருந்தே ஆக்கிரமிப்பும் பறவை வேட்டையும் இங்கு முதன்மைச் சிக்கல்களாக இருந்து வந்துள்ளன.